புரோக்கன் ஹில்லா, ஒயிட்ஹார்ஸா? கடிகாரத்தை முன்னால் வைத்து ஓர் ஒப்பீடு

"ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊரில் வேலை கிடைக்கிறது, கனடாவில் ஒரு சின்ன ஊரிலும் கிடைக்கிறது. எதற்குப் போகலாம்?" வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்யும் நர்ஸ்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், சுரங்க எஞ்சினியர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. சிட்னியையும் டொரன்டோவையும் ஒப்பிட்டு எழுதியவை நிறைய இருக்கின்றன. ஆனால் ஆள் தட்டுப்பாடு உள்ள இடங்கள் பெரும்பாலும் அந்த நகரங்களிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்கள். அங்கே போய் இறங்கிய பிறகுதான் இது வேறு கணக்கு என்று புரிகிறது.

அதனால் நாட்டை விட்டுவிட்டு ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று புரோக்கன் ஹில். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பாலை விளிம்பில், சுமார் 17,500 பேர் வாழும் சுரங்க ஊர். மற்றொன்று ஒயிட்ஹார்ஸ். கனடாவின் வடமேற்கில் யூகான் பிரதேசத்தின் தலைநகரம். 2021 கணக்கெடுப்பில் 28,000 பேர். தலைநகரம் என்று பெயர்தானே தவிர, நம் கணக்கில் ஒரு சிறிய நகராட்சி.

சம்பளத்தை நான் ஒப்பிடப் போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கும் வேலை உத்தரவிலேயே இருக்கிறது. அந்த உத்தரவில் இல்லாதவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில் கடிகாரம். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் ஊரில் அம்மா அப்பா விழித்திருப்பார்களா? இரண்டாவது, அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் வீட்டு வாசலில் நிற்க முடியும்? மூன்றாவது, வெயிலும் வெளிச்சமும் உடம்பை என்ன செய்யும்? அதன் பிறகு வீட்டு வாடகை, மருத்துவம், மளிகை, பி.ஆர். எனும் நிரந்தரக் குடியுரிமை அனுமதி.

கடிகாரத்தை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. தூரமும் நேர வித்தியாசமும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டு ஊர்களிலும் அது அப்படியே தலைகீழ். தூரத்தில் இருக்கும் ஊர் பேச்சுக்குக் கிட்டே இருக்கிறது. கிட்டே இருக்கும் ஊர் பேச்சுக்குத் தூரமாக இருக்கிறது.

## கடிகாரம்: புரோக்கன் ஹில்

இந்த ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் சிட்னி நேரத்தில் ஓடுவதில்லை. பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரம்தான் இங்கே. அதாவது கிரீன்விச்சுக்கு 9½ மணி முன்னால், சிட்னிக்கு அரை மணி பின்னால். 1880களில் வெள்ளியும் ஈயமும் தோண்டத் தொடங்கியபோது, தாது ரயிலேறிப் போனது தெற்கு ஆஸ்திரேலியத் துறைமுகத்துக்கு. சிட்னியோடு நேரடி ரயில் பாதை முழுமையாக இணைந்தது 1927இல்தான். அதற்குள் ஊரின் தொழில், வைத்தியம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டு பக்கம் சாய்ந்துவிட்டன. கடிகாரமும் அங்கேயே நின்றுவிட்டது.

நமக்கு இது எப்படி வரும்? ஏப்ரலிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை இந்திய நேரத்தைவிட 4 மணி முன்னால். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அப்போது 5 மணி முன்னால். இலங்கைக்கும் இதே கணக்குதான். மலேசியா, சிங்கப்பூரில் குடும்பம் இருந்தால் வெறும் ஒன்றரை மணியோ இரண்டரை மணியோ.

நான்கு மணி, ஐந்து மணி என்றால் சுலபம் என்று தோன்றும். ஆனால் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நீங்கள் காலை ஏழு மணிக்கு எழுந்து காபி போடும்போது ஊரில் விடியற்காலை இரண்டோ மூன்றோ. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் ஊரில் மதியம் ஒன்று, இரண்டு. அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம். அவர்கள் எழுந்து, காபி குடித்து, விளக்கேற்றிவிட்டு நிதானமாகப் பேச உட்காரும் ஏழரை எட்டு மணிக்கு உங்களுக்கு நள்ளிரவு. ஆக உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சன்னல்: உங்கள் இரவு எட்டு முதல் பத்து, அவர்களது மாலை மூன்று முதல் ஆறுக்குள். அதில் நீங்கள் சமைக்க வேண்டும், பிள்ளையைத் தூங்க வைக்க வேண்டும்.

ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. இரவுப் பணியில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு இடைவேளை என்றால் ஊரில் சரியாக ஏழு, எட்டு மணி. இரவு ஷிப்ட் வாரத்தில்தான் வீட்டாரோடு நிம்மதியாகப் பேச முடியும்.

உள்ளூரிலும் இந்த அரை மணி தொல்லை தரும். மாநில அலுவலகங்கள் எல்லாம் சிட்னி நேரத்தில் இயங்கும். "ஒன்பது மணிக்கு ஆன்லைன் கூட்டம்" என்றால் இங்கே எட்டரை. சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கும் மெனிண்டீயும், 300 கிலோமீட்டரில் இருக்கும் மில்டுராவும் கிழக்கு நேரம், அதாவது சிட்னி நேரம். கைபேசியில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது சிட்னி என்று போட்டுவிடாமல் புரோக்கன் ஹில் என்றே போடுங்கள். அதற்கென்று தனி நேர மண்டலமே பட்டியலில் இருக்கிறது.

## கடிகாரம்: ஒயிட்ஹார்ஸ்

யூகான் 2020 மார்ச் 8ஆம் தேதி கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. அதன் பிறகு திருப்பி வைக்கவே இல்லை. வருஷம் முழுக்க கிரீன்விச்சுக்கு 7 மணி பின்னால். இந்திய நேரத்துக்கும் அதற்கும் எப்போதும் 12½ மணி வித்தியாசம். மார்ச்சிலும் நவம்பரிலும் கணக்கு மாறாது.

மனக்கணக்கும் எளிது. உங்கள் கடிகாரத்தில் அரை மணி கூட்டி, காலையை மாலையாக்கினால் ஊர் நேரம். உங்களுக்குக் காலை ஏழு என்றால் அங்கே இரவு ஏழரை. உங்களுக்கு இரவு எட்டு என்றால் அங்கே மறுநாள் காலை எட்டரை. வேலைக்கு முன்னால் ஒரு முறை, வேலை முடிந்து ஒரு முறை என்று நாளுக்கு இரண்டு சன்னல் திறக்கிறது. இரண்டிலும் இரு பக்கமும் ஆட்கள் விழித்திருக்கிறார்கள்.

இது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். நம் ஊர்களில் நல்ல டாக்டர்கள் பலர் கிளினிக்கில் பார்ப்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது. அப்பாவை அழைத்துக்கொண்டு அம்மா அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒயிட்ஹார்ஸில் காலை ஐந்தரையிலிருந்து எட்டரை. வீடியோவில் நீங்களும் டாக்டர் எதிரில் இருக்கலாம், கேட்க வேண்டியதைக் கேட்கலாம், மாத்திரைச் சீட்டைப் படித்துப் பார்க்கலாம். புரோக்கன் ஹில்லில் அதே நேரம் இரவு பத்திலிருந்து நள்ளிரவு இரண்டு வரை. மறுநாள் காலை ஆறு மணிக்கு டூட்டி என்றால் முடிகிற காரியமா?

நள்ளிரவு அவசரத்துக்கும் ஒயிட்ஹார்ஸ் பரவாயில்லை. ஊரில் இரவு இரண்டு மணிக்கு யாருக்காவது நெஞ்சுவலி என்றால் உங்களுக்குப் பகல் ஒன்றரை. விழித்திருப்பீர்கள், போனை எடுப்பீர்கள். குறை எங்கே என்றால், ஊரில் நண்பகலிலிருந்து மாலை ஆறு மணி வரை நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பத்திரப் பதிவு, தாலுகா அலுவலகம், வங்கி என்று பகல் வேலை எதுவானாலும் அங்கே காலை பதினொன்றுக்குள் முடித்தால்தான் உண்டு. சென்னை அலுவலகத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கணவனோ மனைவியோ இருந்தால் ஒயிட்ஹார்ஸ் கஷ்டம். இரண்டு ஊர்களின் அலுவலக நேரமும் துளிகூட ஒட்டாது. புரோக்கன் ஹில்லில் பிற்பகல் முழுக்க ஒட்டும்.

| தமிழ்நாட்டில், இலங்கையில் | புரோக்கன் ஹில் (ஏப்ரல்–செப்டம்பர் / அக்டோபர்–மார்ச்) | ஒயிட்ஹார்ஸ் (வருஷம் முழுக்க) |
|---|---|---|
| காலை 6.00 | காலை 10.00 / 11.00 | முந்தைய நாள் மாலை 5.30 |
| காலை 10.00 | பிற்பகல் 2.00 / 3.00 | முந்தைய நாள் இரவு 9.30 |
| பகல் 1.00 | மாலை 5.00 / 6.00 | அன்றைய நள்ளிரவு 12.30 |
| மாலை 5.00 | இரவு 9.00 / 10.00 | அதிகாலை 4.30 |
| இரவு 8.00 | நள்ளிரவு 12.00 / 1.00 | காலை 7.30 |
| இரவு 2.00 | காலை 6.00 / 7.00 | முந்தைய நாள் பகல் 1.30 |

பண்டிகையும் கடிகாரத்தோடுதான் வரும். தீபாவளி அன்று ஊரில் அதிகாலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது ஒயிட்ஹார்ஸில் முந்தைய நாள் மாலை நான்கு. புரோக்கன் ஹில்லில் காலை ஒன்பதரை. தைப்பொங்கல் இன்னும் விசித்திரம். ஜனவரி நடுவில் ஒயிட்ஹார்ஸில் சூரியன் உதிப்பது காலை பதினொன்றுக்குச் சற்று முன்னால். உதயத்தில் பொங்கல் வைக்க வேண்டும் என்றால் லீவு போட வேண்டும். ஊரோடு சேர்ந்து பொங்க வேண்டும் என்றால், முந்தைய நாள் மாலை இருட்டில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். புரோக்கன் ஹில்லில் அப்போது கடும் கோடை. நண்பகல் வெயிலில் ஊரில் பால் பொங்குவதைப் போனில் பார்க்கலாம்.

டொரன்டோவில் சொந்தம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஒயிட்ஹார்ஸுக்கும் டொரன்டோவுக்கும் பனிக்காலத்தில் 2 மணி, மற்ற மாதங்களில் 3 மணி வித்தியாசம். நாடு ஒன்று என்பதால் சித்தப்பா வீடு பக்கத்தில் என்று நினைக்காதீர்கள். அது ஒரு கண்டத்தைக் கடக்கிற பயணம்.

## அவசரம் என்றால் போய்ச் சேர முடியுமா?

பேச்சில் ஒயிட்ஹார்ஸ் ஜெயித்தது. இதில் தோற்கிறது.

புரோக்கன் ஹில்லிலிருந்து அடிலெய்டு சுமார் 510 கிலோமீட்டர், நல்ல சாலை, காரில் ஐந்தரை ஆறு மணி நேரம். அடிலெய்டிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து சென்னையோ திருச்சியோ. டிக்கெட் கிடைத்தால் ஒன்றரை நாளுக்குள் வீட்டில் இருக்கலாம்.

ஒயிட்ஹார்ஸிலிருந்து வான்கூவருக்கு இரண்டரை மணி விமானம். அதன் பிறகு டெல்லி வழியோ ஐரோப்பா வழியோ கிழக்காசியா வழியோ சென்னை. இணைப்பு சரியாக அமைந்தாலும் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. பனிமூட்டத்தில் முதல் விமானமே ரத்தானால் மூன்று. சாலை வழி வான்கூவர் 2,400 கிலோமீட்டர், அதை யோசிக்கவே வேண்டாம். மிக அருகில் இருக்கும் கடற்கரை ஊரான ஸ்காக்வே அமெரிக்காவின் அலாஸ்காவில் இருக்கிறது. இந்தியக் கடவுச்சீட்டு என்றால் அமெரிக்க விசா இல்லாமல் எட்டிப் பார்க்க முடியாது.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஒயிட்ஹார்ஸில் இருப்பவர் எடுப்பதற்கு முன் வந்து சேருவது அரிது. ஒரே பிள்ளையாக இருந்து, உடன்பிறந்தவர்கள் யாரும் ஊரில் இல்லை என்றால் இந்த ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். மேலே சொன்ன இரண்டு சன்னலும் இதற்கு ஈடாகாது.

## வெயில், பனி, வெளிச்சம்

புரோக்கன் ஹில் வெயிலை நாம் தாங்குவோம் என்று நினைப்போம். ஓரளவு உண்மைதான். ஜனவரிப் பகலில் சராசரியாக 33 டிகிரி, பல நாள் 40ஐத் தாண்டும். ஆனால் காற்று வறண்டது. மதுரை வெயிலில் வேர்க்கும். இங்கே வேர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றும். வருஷம் முழுக்கப் பெய்யும் மழை 250 மில்லிமீட்டர் அளவுதான். ஜூன், ஜூலை இரவுகளில் கம்பளி வேண்டும். பகல் நேரம் குளிர்காலத்தில் பத்து மணி, கோடையில் பதினாலு மணிக்குச் சற்று மேல். உடம்பின் கடிகாரம் குழம்பாது.

ஒயிட்ஹார்ஸ் வேறு உலகம். ஜனவரி இரவில் சராசரி மைனஸ் 19 டிகிரி. சில நாள் மைனஸ் 40 வரை இறங்கும். அந்தக் குளிரில் இரவெல்லாம் வெளியே நின்ற கார் காலையில் கிளம்பாது. அதனால் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு மின்கம்பி தொங்கும். இரவில் அதைச் சுவரில் உள்ள பிளக்கில் செருகி எஞ்சினைச் சூடாக வைத்திருப்பார்கள். வாடகை வீடு பார்க்கும்போது வாகனம் நிற்கும் இடத்தில் பிளக் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே அது குழாயில் தண்ணீர் வருமா என்று கேட்பதற்குச் சமம்.

குளிரைவிட இருட்டுதான் ஆளைச் சாய்க்கும். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் காலை பதினொன்றுக்கு மேல் உதித்து மாலை ஐந்துக்குள் மறைந்துவிடும். ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் இல்லை. மருத்துவமனைக்குள் பகல் ஷிப்ட் பார்ப்பவர் சூரியனைச் சன்னல் வழியே பார்த்தால் உண்டு. வைட்டமின் டி மாத்திரை, மேசையில் வைக்கும் பிரகாச விளக்கு, இரண்டும் அங்கே சாதாரண வீட்டுச் சாமான். ஜூன் மாதம் கதை திரும்பிவிடும்: இரவு பதினொன்றரைக்கு அஸ்தமனம், பத்தொன்பது மணி நேரப் பகல். தடித்த கறுப்புத் திரை இல்லாமல் பிள்ளைகள் தூங்க மாட்டார்கள். மன அழுத்தத்துக்கு முன்பே சிகிச்சை எடுத்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒயிட்ஹார்ஸுக்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து.

## மறைந்திருக்கும் செலவுகள்

புரோக்கன் ஹில். வீடு மலிவு. சிட்னி விலையில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் இந்த ஊரில் விசாரிக்காமல் வீடு எடுக்கக்கூடாது. நூற்றுமுப்பது வருஷத்துக்கு மேலாக ஈயம் தோண்டிய ஊர்; ஊருக்கு நடுவே சுரங்கக் குவியல் மலைபோல் நிற்கிறது. மண்ணிலும் பழைய வீடுகளின் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் பல காலமாக அங்கே நடக்கிறது. தவழும் குழந்தை இருந்தால் சுரங்கத்துக்கு எவ்வளவு தள்ளி வீடு, தோட்ட மண் சோதித்ததா, பரணில் பழைய தூசி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கறிவேப்பிலை, கீரை எதுவானாலும் வாங்கி வந்த மண்ணில், தொட்டியில்தான். பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கவலை குறைவு.

மற்றொன்று மின்சாரம். 2024 அக்டோபரில் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்தபோது ஊர் பல நாள் மின்வெட்டில் தவித்தது. ஒரே பாதையில் தொங்கும் ஊர்களின் இயல்பு அது. தண்ணீர்க் கவலை மட்டும் தீர்ந்திருக்கிறது. மர்ரே ஆற்றிலிருந்து 270 கிலோமீட்டர் குழாய் வந்துவிட்டது.

ஒயிட்ஹார்ஸ். இங்கே செலவு வீட்டில். தனி வீடு சராசரியாக ஆறு லட்சம் கனேடிய டாலருக்கு மேல். வாடகைக்கு இடம் கிடைப்பதே பாடு. வேலை தருபவர் முதல் சில மாதங்களுக்கு வீடு தருகிறாரா என்பது சம்பளத்துக்குச் சமமான கேள்வி. அப்புறம் சூடேற்றும் செலவு, பனிக்கால டயர், குடும்பத்துக்கே பனி உடுப்பு. வளரும் பிள்ளைக்கு வருஷா வருஷம் பூட்ஸ் மாற்ற வேண்டும். வரவு பக்கமும் கொஞ்சம் உண்டு: யூகானில் பிரதேச விற்பனை வரி கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான். வடபகுதியில் வாழ்பவர்களுக்கான வருமான வரிக் கழிவும் கிடைக்கும். கணக்குப் போடும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

மளிகை இரண்டு ஊரிலும் லாரியை நம்பித்தான். 2012 ஜூனில் அலாஸ்கா நெடுஞ்சாலை வெள்ளத்தில் அரித்துப்போனபோது ஒயிட்ஹார்ஸ் கடைகளில் அலமாரிகள் காலியாயின. அரிசி, பருப்பு, புளியைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது அங்கே நல்ல பழக்கம். புரோக்கன் ஹில்காரர்கள் அடிலெய்டுக்குப் போகும்போது இந்தியக் கடைக்கும் கோவிலுக்கும் சேர்த்துப் போய்வரலாம். ஒயிட்ஹார்ஸ்காரர்கள் அப்படி ஒரு பெரிய நகரத்துக்குப் போய்வர விமான டிக்கெட் எடுக்க வேண்டும்.

பெரிய வைத்தியத்துக்கும் இதே கதை. புரோக்கன் ஹில்லில் மருத்துவமனையோடு, விமானத்தில் டாக்டர்களை அனுப்பி நோயாளிகளை ஏற்றிச் செல்லும் ராயல் பிளையிங் டாக்டர் சேவையின் தளமும் இருக்கிறது. மோசமான நோயாளிகளைப் பெரும்பாலும் அடிலெய்டுக்குக் கொண்டுபோவார்கள். ஒயிட்ஹார்ஸிலிருந்து வான்கூவருக்கு.

## அக்கம்பக்கம்

புரோக்கன் ஹில் தொழிற்சங்கம் வளர்த்த ஊர். 1919–20இல் ஒன்றரை வருஷம் நீடித்த வேலைநிறுத்தத்தின் முடிவில் சுரங்கத் தொழிலாளர்கள் வாரம் 35 மணி வேலை என்பதை வென்றெடுத்தார்கள். வேலை முடிந்தால் முடிந்தது என்ற எண்ணம் இன்றும் ஊரில் உண்டு. வில்யாகாலி என்ற பூர்வகுடி மக்களின் மண் இது. ஆப்கானிஸ்தானிலிருந்தும் அன்றைய இந்தியாவிலிருந்தும் வந்த ஒட்டகக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய தகரப் பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. இளைஞர்கள் வெளியேற, வயதானவர்கள் மிஞ்சும் ஊர் என்பதையும் மறைக்க வேண்டாம்.

ஒயிட்ஹார்ஸ் வளரும் ஊர். அரசாங்கம்தான் பெரிய முதலாளி. க்வான்லின் டுன், தான் க்வச்சான் என்ற இரு முதற்குடிகளின் நிலம். அவர்களுக்குத் தன்னாட்சி அரசுகள் உண்டு, அவற்றிலும் வேலைகள் உண்டு. பிலிப்பினோ குடும்பங்கள் நிறைய. அதனால் மீனும் அரிசியும் தேடி அலைய வேண்டியதில்லை, புதிதாக வந்தவரை ஊர் வேடிக்கை பார்ப்பதும் இல்லை. பனிக்காலத்தில் வீட்டுக்குள் முடங்கினால் தனிமை கொல்லும். பனிச்சறுக்கோ நீச்சலோ ஏதாவது ஒன்றில் போய்ச் சேர்கிறவர்கள்தான் இரண்டாவது வருஷத்தைத் தாண்டுகிறார்கள்.

## பி.ஆர். கணக்கு

சுருக்கமாக: பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பிராந்தியப் பகுதியில் வாழ்ந்து வேலை செய்வதற்கான ஆஸ்திரேலியாவின் தற்காலிக விசாவான 491 ஐந்து வருஷம், மூன்று வருஷ வரிக் கணக்கு காட்டி நிரந்தர விசாவான 191க்கு விண்ணப்பிக்கலாம். 'பிராந்தியப் பகுதி' என்பதில் அடிலெய்டும் அடங்கும் என்பது முக்கியம். ஊர் ஒத்துவராவிட்டால் ஒதுங்க இடம் இருக்கிறது. பி.ஆருக்கு ஆட்களைப் பரிந்துரைக்கும் யூகானின் நியமனத் திட்டத்தில் வேலை தருபவரோடு சேர்ந்துதான் விண்ணப்பம். முதலாளி சரியில்லை என்றால் முழுத் திட்டமும் ஆடும். இரு நாட்டிலும் விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அரசுத் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## யாருக்கு எது?

பெற்றோர் எழுபதைத் தாண்டி, பக்கத்தில் யாரும் இல்லை என்றால்: புரோக்கன் ஹில். பேச்சு குறையும், ஆனால் போய் நிற்க முடியும்.

ஊரில் அண்ணனோ தங்கையோ பெற்றோரோடு இருக்கிறார், தினமும் குரல் கேட்டால் போதும், குளிரும் இருட்டும் பயமில்லை என்றால்: ஒயிட்ஹார்ஸ். தாத்தா பாட்டியோடு பிள்ளைகள் தமிழ் பேசி வளர வேண்டும் என்ற ஆசைக்கும் அதுவே நல்லது. பள்ளிக்குக் கிளம்புமுன் பத்து நிமிஷம் என்பது தினமும் நடக்கும்.

கைக்குழந்தை இருந்தால் ஈயத்தை நினைத்து ஒயிட்ஹார்ஸ் பக்கம் சாய்வேன். சேமிப்பு குறைவு, சீக்கிரம் சொந்த வீடு வேண்டும் என்றால் புரோக்கன் ஹில். கணவனும் மனைவியும் எதிரெதிர் ஷிப்ட் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மேலே உள்ள அட்டவணையை ஷிப்ட் நேரத்தை வைத்து நீங்களே மறுபடி எழுதிப் பாருங்கள், முடிவு மாறலாம்.

கையெழுத்துக்கு முன் வேலை தருபவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: முதல் ஆறு மாத ஷிப்ட் பட்டியல், தங்குமிடம் எத்தனை மாதம், அவசர விடுப்பு எத்தனை நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும், அந்த விடுப்பை வேலையில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே எடுக்க முடியுமா. பதில் வர ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரத்தில் வீட்டாரிடமும் ஒன்று கேளுங்கள்: எந்த நேரத்தில் போன் வந்தால் அவர்களுக்கு வசதி என்று. நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் நேரமாக அது இருக்க வேண்டும் என்பதில்லை.